வகை கண்ட அறிஞர்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டுத் தொழிலே நம் நினைவிற்கு வரும். அவ்வூர்ப் பூட்டு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற சிறப்புடையது. நல்ல பூட்டு தனக்குரிய திறவுகோலை மட்டுமே ஏற்கும், பிறவற்றிற்கு அசையாது. எதை ஏற்பது, எதை மறுப்பது என்பது பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது. கணினிக்கு எழுதும் நிரலிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. அதற்கு வகை என்பது பெயர். அவ்வொழுங்கிற்கு அடிகோலிய அறிஞருள் ஒருவர் ஹாஸ்கெல் கர்ரி.

இவர் 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள், அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மில்லிஸ் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் பேச்சுக்கலை பயிற்றும் பள்ளியொன்றை நடத்திவந்தனர். மருத்துவராகும் எண்ணத்துடன் 1916இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவரைக் கணிதம் தன்பால் ஈர்த்தது. 1920இல் பட்டம் பெற்றபின் மின்பொறியியலும் இயற்பியலும் கற்றார். எனினும், ஒரு முடிவிற்கு இட்டுச்செல்லும் வழி ஏன் சரியாகிறது என்பதை அறியவே அவர் உள்ளம் விழைந்தது. ஆகவே தருக்கவியலில் ஈடுபட்டார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று, ஹில்பர்ட் என்னும் பேரறிஞரின்கீழ் ஆராய்ந்து, 1930இல் முனைவர் பட்டம் பெற்றார். 1929 முதல் 1966 வரை பென்சில்வேனியாவில் கல்லூரி ஆசிரியராய்ப் பணியாற்றினார்.

ஒன்றைப் பெற்று மற்றொன்றைத் தருவது சார்பு எனப்படும். சார்புகளை ஒன்றோடொன்று இணைத்தே தருக்கத்திற்கும் கணிதத்திற்கும் அடிப்படை அமைக்கக் கர்ரி முயன்றார். 1935இல் அம்முயற்சியின்மேல் இடி விழுந்தது. கிளீனி, ராசர் என்னும் இளம் அறிஞர் இருவர், அவருடைய அமைப்பில் முரண்பாடு உண்டென மெய்ப்பித்தனர். முரண்பாடுள்ள அமைப்பில் எதனையும் மெய்யென நிறுவிவிடலாம். எல்லாத் திறவுகோலுக்கும் திறந்துகொள்ளும் பூட்டினால் யாது பயன்?

கர்ரி மனம் தளரவில்லை; குறையை மறைக்கவும் முயலவில்லை. அம்முரண்பாட்டையே ஆராய்ந்து, அதனினும் எளியதொன்றை 1942இல் தாமே வெளியிட்டார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதனைத் தடுக்கும் வழியொன்றும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு சார்பும் எவ்வகைப் பொருளைப் பெறும், எவ்வகைப் பொருளைத் தரும் என்று வரையறுக்கும் முறையை 1934இலேயே அவர் எழுதியிருந்தார். அவ்வாறு வரையறுத்தால், ஒரு சார்பு தன்னையே தனக்கு உள்ளீடாகக் கொள்ள இயலாது. முரண்பாடு நுழையும் வாயில் அடைபடும்.

அவ்வரையறையே இன்று நிரலில் வகைக் குறிப்பாக விளங்குகிறது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்துகள் எனக் கணக்கிடும் சார்பைத் தமிழ்ப் பெயரிட்டு இங்ஙனம் காட்டலாம்:

நீளம் :: சொல் -> முழுஎண்

இரட்டை முக்காற்புள்ளி, இதன் வகை இன்னது என்பதைக் குறிக்கும். அம்பின் இடப்பக்கம் பெறுவது, வலப்பக்கம் தருவது. இச்சார்பிற்குச் சொல்லை விடுத்து எண்ணைக் கொடுத்தால், நிரல் இயங்குமுன்னரே பிழை சுட்டப்படும். இனி, மற்றொன்றைக் காண்போம்:

கூட்டு :: முழுஎண் -> முழுஎண் -> முழுஎண்

இங்கே அம்புகள் இரண்டு. முதல் எண்ணைப் பெற்றதும் இச்சார்பு விடை தாராது. அடுத்த எண்ணை எதிர்நோக்கும் புதியதொரு சார்பையே தரும். இரண்டாம் எண்ணும் கிடைத்தபின்னரே கூட்டுத்தொகை பிறக்கும். இம்முறைக்குக் கர்ரியின் பெயர் இடப்பட்டுள்ளது. ஆனால், 1924இலேயே இதனை வெளியிட்டவர் ஷோன்ஃபின்கெல் என்பவர். முன்னோடியாகிய அவரைக் கர்ரி தம் நூல்களில் போற்றத் தவறவில்லை.

1982ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் கர்ரி மறைந்தார். பின்னர் அறிஞர் குழுவொன்று புதிய நிரல்மொழியொன்றை வகுத்து, 1990இல் அதன் இலக்கணத்தை வெளியிட்டது. அம்மொழிக்கு ஹாஸ்கெல் என்று பெயர் சூட்டியது. தம் கணவர் அப்பெயரை விரும்பியதே இல்லை என்று அவர்தம் துணைவியார் அக்குழுவினரிடம் கூறினாராம்! அவர் விரும்பாத பெயரே இன்று உலகெங்கும் மாணவர் நாவில் வழங்குகிறது.

தம் அமைப்பில் பிறர் கண்ட பிழையை ஒப்புக்கொண்டு, அதன் வேரையும் தேடிக் கண்டவர் கர்ரி. நாம் எழுதும் வகைக் குறிப்பு பிழையொன்றைச் சுட்டும்போது சினவாது, அதன் காரணத்தை ஆராய்வோமாக.