நீதிமன்றம், இல்லம், வழிபாடு: மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்வும் சமயப் பற்றும்

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் மாயூரம் வேதநாயகம் பிள்ளைக்கு (1826–1889) உறுதியான ஓரிடம் உண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதல் தமிழ் நாவலின் ஆசிரியர் என்பதே அது. இப்பெருமை அவருக்குப் புகழ் சேர்த்தது. அதே வேளையில் அவருடைய பிற பணிகளைப் பின்னுக்குத் தள்ளியும் விட்டது. நாவலாசிரியரைப் பற்றிப் பேசுவோர் அவர் கத்தோலிக்கர் என்பதை ஒரு வரியில் குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். கிறித்தவ இலக்கிய வரலாறு எழுதுவோர் அவருடைய மரியன்னைப் பாடல்களைப் பட்டியலிடுகின்றனர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை அப்பட்டியலில் எங்கே வைப்பது என்பதில் தயக்கம் காட்டுகின்றனர். தேவமாதா அந்தாதி பாடிய ஒருவர் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான கீர்த்தனைகளையும் பாடியது முரண்பாடா, மனமாற்றமா என்ற வினா அதனால் எழுகிறது. அவருடைய அலுவல், இல்லறம், இறைப்பற்று ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்கினால் அது முரண்பாடாகாது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

வீட்டில் வளர்ந்த சமயம்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகம் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். அவர் பிறந்த காலத்தின் சமயச் சூழல் கருதத்தக்கது. இயேசு சபை 1773இல் திருத்தந்தையின் ஆணையால் கலைக்கப்பட்டது. அச்சபையார் மதுரை மறைத்தளத்திற்கு மீண்டும் வந்தது 1838இல். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் தென்னாட்டுக் கத்தோலிக்கச் சிற்றூர்கள் பலவற்றில் குருக்கள் மிகக் குறைவாகவே இருந்தனர். பரம்பரையாக வந்த செபங்களையும் விழாக்களையும் காத்து நின்றவை குடும்பங்களே. குருக்கள் மீண்டு வந்தபோது வேதநாயகத்துக்கு வயது பன்னிரண்டு. எனவே அவர் பெற்ற சமயம் இல்லத்தில் பெற்றோரிடமிருந்து பெற்ற சமயம் எனக் கொள்வது பொருந்தும்.

அவருடைய கல்வியும் மறைப்பணியாளர் கல்லூரி வழியாக வந்ததன்று. இயேசு சபையாரின் புனித சூசையப்பர் கல்லூரி நாகப்பட்டினத்தில் 1844இல்தான் தோன்றியது. திருச்சிராப்பள்ளிக்கு அது பெயர்ந்தது 1883இல். வேதநாயகம் தொடக்கக் கல்வியை வீட்டிலும், தமிழையும் ஆங்கிலத்தையும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகப் பிள்ளையிடமும் பயின்றார். சமயம் வீட்டிலிருந்தும் கல்வி நீதிமன்றச் சூழலிலிருந்தும் அவருக்கு வந்தன என்பது பின்னர் அவர் வாழ்வு அமைந்த முறைக்கு ஒரு திறவுகோலாகும்.

ஆவண அறையிலிருந்து முன்சீபு இருக்கை வரை

திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகப் பணி தொடங்கிய அவர், அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். வழக்காடுவோரின் தமிழை ஆங்கிலத்திலும் நீதிபதிகளின் ஆங்கிலத்தைத் தமிழிலும் பெயர்க்கும் பணியில் ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவர் நிலம் பறிபோகக்கூடும். சொல்லை அளந்து ஆளும் அவருடைய உரைநடைப் பழக்கத்துக்கு இப்பணியும் ஒரு பயிற்சிக்களமாக இருந்திருக்க வேண்டும்.

1857இல் அவர் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீபாக அமர்ந்தார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். இந்தியருக்கு உயர் நீதிப் பதவிகள் எட்டாதிருந்த அக்காலத்தில் முன்சீபு பதவியே ஊரார் அன்றாடம் எதிர்கொண்ட நீதி. பாகப்பிரிவினை, கடன், குத்தகை, வாய்க்கால் உரிமை, தத்து, விதவையின் சீவனாம்சம் என இல்லறத்தின் பிணக்குகள் அனைத்தும் அந்த இருக்கையின் முன் வந்தன. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்கு இந்து சட்டமும் இசுலாமியருக்கு இசுலாமியச் சட்டமும் கைக்கொள்ளப்பட்டன. ஆகவே, தம் சமயத்தைச் சேராத மக்களின் குடும்ப வழக்குகளை அவரவர் நெறிப்படியே தீர்ப்பது கத்தோலிக்கரான வேதநாயகத்தின் அன்றாடக் கடமையாயிற்று.

முதற்பணியிடமான தரங்கம்பாடியும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய லுத்தரன் சபையின் தலைமைக்களம் அவ்வூர். 1845 வரை அது தேனியர் ஆட்சியில் இருந்தது. வீரமாமுனிவர் காலத்தில் கத்தோலிக்கருக்கும் லுத்தரன் சபையாருக்கும் இடையே கடும் நூற்போர் நிகழ்ந்தது. அவ்வூரில் நீதி வழங்க அமர்ந்த வேதநாயகம் அப்போரைத் தொடரவில்லை. அங்கிருந்தபோது, 1859இல் அவர் வெளியிட்டது நீதிநூல். தாய் தந்தையரைப் பேணல், கணவன் மனைவியர் இயல்பு, மாதரைப் படிப்பித்தல், கைக்கூலி, பொய், களவு, சோம்பல் என அதன் பொருள்கள் விரிகின்றன. கடவுளை ஏற்று நிற்கும் நூலாயினும் அது ஒரு சபையின் மறையுரை ஆகவில்லை. கைக்கூலி வாங்கும் அலுவலரைப் பழித்து எழுதியவர் தாமே அலுவலர் என்பது அப்பகுதிக்குத் தனி வலிமை தருகிறது.

1862இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் வேதநாயகம் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலை வெளியிட்டார். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தது அந்நூல். வழக்குக்கு உரியவர் படிக்கும் மொழியில் வழக்கின் நியாயம் இருக்க வேண்டும் என்பது அதன் உட்கிடை. இதே கருத்தைப் பல ஆண்டுகளுக்குப் பின் பிரதாப முதலியார் சரித்திரத்தில், தமிழ் வழங்கும் நாட்டு நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கறிஞரைக் கண்டிக்கும் பகுதியில் வெளிப்படையாகவே பேசுகிறார்.

இல்லறத்தான்

வேதநாயகத்தின் இல்லற வாழ்வு துயரங்கள் நிறைந்தது. மணந்த மனைவியரை ஒருவர்பின் ஒருவராக இறப்புக்குப் பறிகொடுத்து, மீண்டும் மீண்டும் இல்லறம் அமைத்துக்கொண்டவர் அவர். இல்வாழ்வைப் பற்றி அவர் எழுதியவற்றை இப்பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். 1869இல் வெளிவந்த பெண்மதி மாலையும், அதனுடன் அமைந்த பெண்கல்வி, பெண்மானம் என்னும் உரைநடைப் பகுதிகளும் கல்வியற்ற வீடு இருண்ட வீடு என்ற உறுதியோடு எழுதப்பட்டவை. அவர் கண்ட வரம்பையும் சுட்டுதல் முறை. பெண்கல்வியின் பயனை அவர் பெரும்பாலும் இல்லத்தின் நலனைக் கொண்டே அளந்தார். கணவனுக்கு அடங்கி நடத்தலையும் அறமாகவே போதித்தார். ஆயினும் பிரதாப முதலியார் சரித்திரத்தில் ஞானாம்பாள் அவ்வரம்பைத் தாண்டிவிடுகிறாள். ஆண் வேடத்தில் விக்கிரமபுரியின் அரசுரிமை பெற்று, தன் கணவனையே சிறைமீட்கிறாள், நீதி வழங்குகிறாள். பதவியை விட்டு அவள் மீண்டும் மனைவியாக இல்லம் திரும்புவதால் ஆசிரியரின் பழங்கொள்கை நிலைபெறுகிறது என்பது உண்மை. எனினும், நீதி இருக்கையில் பல ஆண்டுகள் அமர்ந்த ஒருவர் அவ்விருக்கையில் ஒரு பெண்ணை அமர்த்திப் பார்த்தார் என்பதைக் குறைத்து மதிப்பிடலாகாது.

தமிழ்க் கத்தோலிக்க மரபில் இல்லறத்தானுக்கு உயரிய இடம் முன்பே அமைந்திருந்தது. வேதநாயகம் பிறப்பதற்குச் சரியாக ஒரு நூற்றாண்டுக்கு முன், 1726இல், வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் வளன். தச்சுத் தொழிலால் குடும்பத்தைப் பேணிய சூசையப்பரே அவர். துறவியோ அரசனோ அல்லாமல், உழைத்து உண்ட ஒரு குடும்பத்தலைவரைக் காப்பியத் தலைவராக்கியது அந்நூல். வேதநாயகத்தின் வாழ்வை அம்மரபில் வைத்து நோக்குதல் தகும். அவருக்கும் இறைப்பற்று என்பது உலகைத் துறத்தலன்று. உலகில் தமக்குரிய அலுவலைக் கறையின்றிச் செய்தலே.

இரண்டு அவைகள்

அவருடைய பத்தி இலக்கியங்கள் இருவகைப்படும். தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மை பதிகம், திருவருள் அந்தாதி, திருவருள் மாலை, சத்திய வேத கீர்த்தனை ஆகியன ஒரு வகை. மரியன்னையைப் பெரியநாயகி என அழைக்கும் வழக்கு வீரமாமுனிவர் எழுப்பிய கோனான்குப்பம் கோயிலை நினைவூட்டுவது. 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் மற்றொரு வகை. இவற்றில் ஒரு சமயத்துக்கே உரிய தெய்வப்பெயர்கள் தவிர்க்கப்பட்டு, எவரும் தம் இறைவனை எண்ணிப் பாடத்தக்க பொதுச்சொற்கள் ஆளப்பட்டுள்ளன.

இவ்வேறுபாட்டை யாப்பு வேறுபாடாகக் கொள்ள இயலாது. இருவகையிலும் கீர்த்தனைகள் உள்ளன. மனமாற்றமாகக் கொள்ளவும் இயலாது. கத்தோலிக்கப் பாடல்களை அவர் வாழ்நாளின் இறுதிவரை கைவிடவில்லை. இதனை அவை வேறுபாடு எனக் கொள்வதே பொருத்தம். முதல்வகைப் பாடல்கள் நம்பிக்கை கொண்டோர் கூடும் கோயிலுக்கும் வீட்டுக்கும் உரியன. இரண்டாம் வகை, சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் ஒருங்கே நிற்கும் பொது அவைக்கு உரியது. அத்தகைய பொது அவையை அவர் நன்கறிந்திருந்தார். அவருடைய நீதிமன்றமே அது. ஒவ்வொருவர் வழக்கையும் அவரவர் நெறியால் கேட்டுத் தீர்த்தவர், ஒவ்வொருவர் வழிபாட்டுக்கும் இடம்தரும் பாடலை இயற்றினார். தம் நம்பிக்கையை நீர்த்துப்போகச் செய்யாமலே பிறர் நம்பிக்கைக்கு மதிப்பளிக்கலாம் என்பதற்கு அவருடைய இருவகை நூல்களும் சேர்ந்தே சான்றாகின்றன. பிற சமயங்களோடு உரையாடலைக் கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரப்பூர்வமாக வரவேற்றது 1962–65இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் என்பதை எண்ணினால், ஒரு பொதுநிலையினர் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே தம் அனுபவத்தால் எட்டிய இடம் விளங்கும்.

அவருடைய நட்பும் இதனையே காட்டுகிறது. திருவாவடுதுறை ஆதீன வித்துவான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். சைவப் பெரும்புலவரான அவர், கத்தோலிக்கரான வேதநாயகத்தைத் தலைவராகக் கொண்டு குளத்துக் கோவை பாடினார். வேதநாயகமோ ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரைப் புகழ்ந்து செய்யுள் இயற்றினார். இந்நட்பின் விவரங்களை உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றில் பதிந்துள்ளார். தமிழும் நன்மதிப்புமே இவர்களை இணைத்தன. எவரும் எவரையும் மதம் மாற்ற முனையவில்லை. தம் சமயத்தை மறைக்கவும் இல்லை.

பஞ்சத்தின் சோதனை

மாயூரத்தில் முன்சீபு பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் அவ்வூரிலேயே வாழ்ந்தார். நகராட்சித் தலைவராகவும் பணியாற்றினார். 1876–78இல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சம் அவருடைய கொள்கைகளுக்கு உரைகல்லாயிற்று. பசித்து வந்தோருக்கு அவர் தம் பொருளைச் செலவிட்டு உணவளித்தார். அக்கொடையைக் கண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாடிப் போற்றினார். கஞ்சிக்கு நின்றவர்களின் சமயத்தை அங்கே எவரும் கேட்டிருக்கமாட்டார்.

சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் அச்சேறியதும் பஞ்சம் நீடித்ததும் ஒரே காலம். பஞ்சத்தின் துயரைச் சொல்லி இறைவனிடம் முறையிடும் கீர்த்தனைகள் அத்தொகுப்பில் உண்டு. சமரசம் என்பது அவருக்கு வெறும் தத்துவக் கொள்கை அன்று. எல்லாருக்கும் பொதுவான பசியின் முன் எல்லாருக்கும் பொதுவான இறைவனை அழைக்க வேண்டிய தேவையும் அதனுள் இருந்தது. நாவல் எழுதப்பட்டதும் இக்காலத்தை ஒட்டியே. அது நூலாக வெளிவந்தது 1879இல். இரண்டாவது நாவலான சுகுண சுந்தரி 1887இல் வந்தது. 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் அவர் காலமானார்.

முடிவுரை

வேதநாயகம் பிள்ளையை முதல் நாவலாசிரியர் என்று மட்டும் நினைவுகூர்வது அவருடைய பிற நூல்களை நாவலுக்கு முன்னுரையாகக் குறைத்துவிடுகிறது. மாறாக, நீதிநூல், சித்தாந்த சங்கிரகம், பெண்மதி மாலை, அந்தாதிகள், கீர்த்தனைகள், நாவல்கள் ஆகிய அனைத்தையும் ஒரே இல்லறத்தானின் கடமைகளாகக் கொண்டால் அவற்றிடையே உள்ள உறவு புலப்படும். வீடு அவருக்குச் சமயத்தைத் தந்தது. நீதிமன்றம் அச்சமயத்தைப் பிறர்முன் எவ்வாறு ஏந்தி நிற்பது என்பதைக் கற்பித்தது. சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் தேவமாதா அந்தாதியையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்து ஆராயும் இன்றைய முறை, ஒரு மனிதரை இருவராக்கி விடுகிறது. அவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துப் பயிலும் ஆய்வுகள் பெருகுமாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் சமய உறுதியும் சமய நல்லிணக்கமும் ஒரே உள்ளத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்பதை மேலும் தெளிவாக அறியலாம்.