காட்டை அறிந்து காத்தவர்: ஜானகி அம்மாள்

நுழையும்முன்

வளர்ச்சித் திட்டம் ஒன்றுக்காகக் காடு அழிய நேரும்போது அதனைத் தடுக்கப் பலரும் பலவகையில் முயல்வர். சிலர் கவிதை எழுதுவர். சிலர் ஊர்வலம் செல்வர். சிலர் நீதிமன்றத்தை நாடுவர். எண்பது வயதைக் கடந்த அறிஞர் ஒருவர், அழியவிருந்த ஒரு காட்டின் மரங்களை நுண்ணோக்கியின் துணைகொண்டு ஆராய முற்பட்டார். மரத்தைக் காக்க விரும்புவோர் முதலில் அதனை அறிந்திருக்க வேண்டும் என்பதை அவரது வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.

பிறப்பும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் தலைச்சேரியில் பிறந்தார். இன்று கேரள மாநிலத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. அவருடைய தந்தையார் கிருஷ்ணன் துணை நீதிபதியாகப் பணியாற்றியவர். பறவைகளையும் செடிகொடிகளையும் உற்றுநோக்குவதில் பெருவிருப்பம் உடையவர். வீட்டில் தோட்டம் வளர்த்து இன்புற்றவர். உடன்பிறந்தோர் பலர் நிறைந்த அக்குடும்பத்தில், தந்தையின் அவ்விருப்பம் ஜானகியின் உள்ளத்தில் ஆழமாக வேரூன்றியது.

அக்காலத்தில் பெண்கள் இளமையிலேயே மணம் முடித்து இல்லறம் ஏற்பதே வழக்கமாக இருந்தது. ஜானகிக்கும் உறவினர் ஒருவரைப் பார்த்து மணம் பேசினர். அவரோ கல்வியைத் தேர்ந்துகொண்டார். சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921-ஆம் ஆண்டு தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார். சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஆசியப் பெண்களுக்கென வழங்கப்பெற்ற பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அதன் துணையால் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1931-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியாக அவர் போற்றப்படுகிறார்.

கரும்பும் காட்டுப்புல்லும்

தாயகம் திரும்பிய ஜானகி அம்மாள் திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1934-ஆம் ஆண்டு கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

மாணவர்களே! பொங்கல் திருநாளன்று தாராவியிலும் மாதுங்காவிலும் கடைவாயில்களில் கட்டுக்கட்டாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும் கரும்பைப் பார்த்திருப்பீர்கள். அத்தகைய பருத்த, இனிய கரும்பின் தாயகம் நியூகினி என்னும் தொலைதூரத் தீவாகும். அவ்வினம் இனிப்பு மிகுந்தது. ஆயினும் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை குறைந்தது. நம் நாட்டின் ஆற்றங்கரைகளில் தானே முளைத்து வளரும் பேய்க்கரும்பு என்னும் காட்டுப்புல்லோ இனிப்பற்றது; ஆனால் எதையும் தாங்கவல்லது. இவ்விரண்டையும் கலந்து புதிய வகைகளை உருவாக்கும் முயற்சி 1912 முதலே கோயம்புத்தூரில் நடைபெற்று வந்தது.

எந்தச் செடியை எதனுடன் கலந்தால் பயன் விளையும் என்பதை அறிவதற்கு அவற்றின் குரோமோசோம்களை ஆராய வேண்டும். உயிரணுவின் உட்கருவில் நூலிழைகள் போல் அமைந்திருப்பவை குரோமோசோம்கள். ஒவ்வோர் உயிரினத்திற்கும் அவற்றின் எண்ணிக்கை வேறுபடும். மனிதருக்கு 46 ஆகும். செடியின் வேர்நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுவர். கண்ணும் கையும் பொறுமையும் ஒருங்கே வேண்டும் பணி இது. ஜானகி அம்மாள் இப்பணியில் தேர்ந்தவர். பேய்க்கரும்பு இந்தியாவில் தோன்றியது என்பதை அவர்தம் ஆய்வுகள் நிறுவின. 1935-ஆம் ஆண்டு இந்திய அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

ஆற்றோரத்தில் எவரும் பொருட்படுத்தாத ஒரு புல், நாடு முழுவதும் விளையும் கரும்பிற்கு வலிமை தந்தது. காட்டில் உள்ள செடிகளுள் எது பயனற்றது என்று எவரால் உறுதியாகக் கூற இயலும்? இக்கேள்வி அவர் வாழ்நாள் முழுவதும் அவரோடு வந்தது.

போர்க்காலத்தில் இலண்டன்

பெண் அறிவியலாளர்கள் அரிதாக இருந்த காலம் அது. பெண் என்பதாலும் பிறந்த சாதியின் காரணத்தாலும் பணியிடத்தில் பல இடர்களை ஜானகி அம்மாள் எதிர்கொண்டார். 1939-ஆம் ஆண்டு மரபியல் மாநாடு ஒன்றிற்காகப் பிரித்தானியா சென்ற அவர், இரண்டாம் உலகப் போர் மூண்டதால் அங்கேயே தங்க நேர்ந்தது. இலண்டனில் இயங்கிவந்த ஜான் இன்னசு தோட்டக்கலை நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்தார். குண்டுமழை பொழிந்த இரவுகளில் கட்டிலுக்கடியில் பதுங்கியதையும், விடிந்ததும் உடைந்த கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கிவிட்டு ஆய்வைத் தொடர்ந்ததையும் பிற்காலத்தில் தம் உறவினர்களுக்கு அவர் கூறியதுண்டு.

அந்நாள்களின் உழைப்பு 1945-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. சி. டி. டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் விவரங்களைத் தொகுத்து அந்நூலை அவர் உருவாக்கினார். அதன்பின் விசுலி என்னுமிடத்தில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மரவகை ஒன்றிற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

எரிந்துபோன ஒற்றை மரம்

விடுதலை பெற்ற இந்தியாவில் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்க வருமாறு பிரதமர் ஜவாகர்லால் நேரு 1951-ஆம் ஆண்டு ஜானகி அம்மாளை அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பிய அவர், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் சிறப்பு அலுவலராகப் பொறுப்பேற்றார். அலகாபாத்தில் இருந்த மத்தியத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகவும் விளங்கினார்.

அது பஞ்சத்தின் நினைவு மாறாத காலம். உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய கட்டாயம் நாட்டுக்கு இருந்தது. அதன்பொருட்டுப் பல இடங்களில் காடுகள் திருத்தப்பட்டு வயல்கள் ஆயின. அந்நாள்களில் ஒருமுறை, அசாமின் அப்பகுதியில் எஞ்சியிருந்த ஒரேயொரு மக்னோலியா கிரிபித்தி மரத்தைக் காண்பதற்காக அவர் சில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்தார். சென்று பார்த்தபோது அம்மரம் எரிந்துபோயிருந்தது. அத்துயரத்தை டார்லிங்டனுக்குக் கடிதம் வாயிலாகத் தெரிவித்தார்.

1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிரின்சுடனில், மனிதர் புவியின் தோற்றத்தை மாற்றிவரும் விதம் குறித்து ஆராயப் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூடியது. அதற்கு அழைக்கப்பெற்ற ஒரே பெண் ஜானகி அம்மாளே ஆவார். நிலத்தையும் காட்டையும் சிதைக்காமல் வாழும் இந்திய மக்களின் வாழ்க்கைமுறை பற்றி அங்கு அவர் எடுத்துரைத்தார்.

பணி ஓய்வுக்குப் பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சிறிது காலம் பணியாற்றினார். 1970-ஆம் ஆண்டு சென்னைக்குத் திரும்பி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் தங்கினார். மூலிகைகளும் பூனைகளும் சூழ எளிமையாக வாழ்ந்துவந்தார். 1977-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

அமைதிப் பள்ளத்தாக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலைத்தொடரை ஒட்டி அமைந்துள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழை ஆறு பாயும் அம்மழைக்காடு மிகத் தொன்மையானது. வானளாவிய வெடிப்பலா மரங்களும், அவற்றின் கனிகளை உண்டு வாழும் சிங்கவால் குரங்குகளும் அங்கு உள்ளன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இக்குரங்கு இயற்கையாக வாழ்வதில்லை.

அவ்வாற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. 1973-ஆம் ஆண்டு திட்டக்குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. மலபார்ப் பகுதியில் மின்பற்றாக்குறை நிலவியது. மின்சாரமும் பாசன நீரும் தொழில்வாய்ப்பும் கிடைக்கும் என்று மக்கள் பலர் அத்திட்டத்தை விரும்பி எதிர்நோக்கினர். அவர்களுடைய தேவை உண்மையானது. அணை கட்டப்பட்டால் ஏறத்தாழ 8.3 சதுர கிலோமீட்டர் காடு நீரில் மூழ்கும் நிலை இருந்தது. காட்டின் பரப்போடு ஒப்பிட அது சிறிய பகுதியே என்று திட்டத்தை ஆதரித்தோர் வாதிட்டனர். ஆற்றோரக் காடே அப்பள்ளத்தாக்கின் உயிர்நிலை என்றும், அது மூழ்கினால் மீண்டும் உருவாக்க இயலாது என்றும் எதிர்த்தோர் எடுத்துரைத்தனர்.

கேரள சாத்திர சாகித்திய பரிசத்து என்னும் அறிவியல் இயக்கம் ஊர்தோறும் சென்று மக்களிடம் இதனை விளக்கியது. கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்ட எழுத்தாளர்கள் காட்டுக்காகக் குரல் கொடுத்தனர். மும்பையில் பிறந்த பறவையியல் அறிஞர் சலீம் அலியும் அணையைக் கைவிடுமாறு வேண்டினார்.

அப்போது ஜானகி அம்மாள் எண்பது வயதைக் கடந்திருந்தார். நீரில் மூழ்கவிருந்த அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுப்பது என்று அவர் உறுதிபூண்டார். அவருடைய பணியின் பொருளை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அணையினால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பதற்குத் தெளிவான கணக்கு இருந்தது. காட்டினால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு முழுமையான கணக்கு எவரிடமும் இல்லை. மிளகும் ஏலமும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலிருந்தே நம் தோட்டங்களுக்கு வந்தன. பேய்க்கரும்பு கரும்பைக் காத்ததுபோல் நாளை நம் பயிர்களைக் காக்கும் செடி அப்பள்ளத்தாக்கில் இருக்கக்கூடும். பெயரறியாமலே அதனை மூழ்கடித்துவிட்டால், இழந்தது இன்னதென்றுகூட நமக்குத் தெரியாது போகும். எரிந்த மக்னோலியா மரத்தின் முன் நின்றவருக்கு இவ்வுண்மை நன்கு விளங்கியிருந்தது.

பல்லாண்டு விவாதத்திற்குப் பின் 1983-ஆம் ஆண்டு நவம்பரில் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள், மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் தம் பணிகளுக்கிடையே ஜானகி அம்மாள் இயற்கை எய்தினார். அவருக்கு அப்போது வயது 86. அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தாவரங்களை இனங்கண்டு வகைப்படுத்தும் அறிஞர்களுக்கு அவர் பெயரால் தேசிய விருது நிறுவப்பட்டது.

நம் நகரின் மரங்கள்

மும்பையிலும் இக்கேள்வி அவ்வப்போது எழுகிறது. 2019-ஆம் ஆண்டு ஆரே பகுதியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டபோது நகர மக்கள் பலர் எதிர்த்து நின்றனர். நெரிசல் மிகுந்த நகருக்கு ரயிலும் தேவை, மரமும் தேவை. மகாராட்டிர மாநிலத்தில் நகர்ப்புற மரங்களைப் பாதுகாக்க 1975-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. வெட்டப்படவுள்ள மரத்தின்மீது மாநகராட்சி அறிவிப்பு ஒட்டுவதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு மறுப்புத் தெரிவிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அவ்வாறு எழுதும் மடலில் அம்மரத்தின் பெயரும் வயதும், அதில் கூடுகட்டும் பறவைகளும், அதன் நிழலில் பிழைப்போரும் இடம்பெற்றால் அம்மடலுக்கு வலிமை கூடும். அதனை எழுத வேண்டுமாயின் அம்மரத்தை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உங்கள் தெருவில் நிற்கும் மரங்களுள் எத்தனைக்கு உங்களால் பெயர் கூற முடியும்?

சொல்லும் பொருளும்

உற்றுநோக்குதல் – கூர்ந்து பார்த்தல்
வறட்சி – நீரின்மை
இடர் – துன்பம்
திருத்துதல் – நிலத்தைப் பயிரிட ஏற்றதாக்குதல்
தொன்மை – பழமை
உறுதிபூணுதல் – உறுதியாக முடிவு செய்தல்
இயற்கை எய்துதல் – இறத்தல்
பேறு – நல்வாய்ப்பு

பயிற்சி

அ. பிரித்து எழுதுக.
1. காட்டுப்புல் 2. வேர்நுனி 3. நூலிழை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஜானகி அம்மாளுக்குச் செடிகொடிகளின்மீது விருப்பம் உண்டாகக் காரணமானவர் யார்?
2. நியூகினிக் கரும்பிற்கும் பேய்க்கரும்பிற்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
3. சில்லாங் பயணத்தில் ஜானகி அம்மாள் கண்டது என்ன?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. அமைதிப் பள்ளத்தாக்கு அணையை ஆதரித்தோர், எதிர்த்தோர் ஆகிய இருசாராரின் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
2. ஜானகி அம்மாளின் கணக்கெடுப்பு காட்டைக் காக்கும் முயற்சிக்கு எவ்வாறு துணைநிற்கும்? உங்கள் கருத்தை எழுதுக.

ஈ. செய்து பார்ப்போம்.
உங்கள் குடியிருப்பிலோ பள்ளி வளாகத்திலோ உள்ள மரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயரைத் தமிழிலும் மராத்தியிலும் கேட்டறியுங்கள். இலை, பூ, காய், அதில் தங்கும் உயிர்கள், அதனை நட்டவர் ஆகிய விவரங்களைப் பெரியோரிடம் கேட்டு, அம்மரத்தின் வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்க அளவில் எழுதி வருக.