எமது தாபகர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்

யாழ்ப்பாணத்துச் சைவப் பெண்பிள்ளைகள் ஆங்கிலம் படிக்க மிஷன் பாடசாலை விடுதிகளை நாடிய காலம் அது. 1851இல் கொழும்பில் பிறந்து மன்றாடியார் நாயகமாக விளங்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள், 1913இல் மருதனார்மடத்தில் எமது கல்லூரியைத் திறந்தார்கள்.

முதல் அதிபராக அவர் அழைத்துவந்தவரை நினைத்தால் எமக்கு இன்றும் வியப்புத்தான். புளோரன்ஸ் ஃபார் அம்மையார் லண்டன் நாடக மேடை நடிகை. பெர்னாட் ஷாவின் நாடகத்தில் நடித்தவர். கவிஞர் யேற்ஸின் கவிதைகளை, யாழை ஒத்த நரம்புக் கருவியை மீட்டியபடி ஓதியவர். (வைத்தியத் தொழிலில் இருக்கும் எமக்கு இன்னொரு சொந்தமும் உண்டு: சுகாதாரப் புள்ளிவிபர முன்னோடி வில்லியம் ஃபாரின் மகள் அவர்.) இப்படி ஒருவரிடம் எமது ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைத்தவர், ஒவ்வொருத்திக்குள்ளும் ஏதோவொரு திறமை உண்டென்று நம்பியிருக்கவே வேண்டும். அம்மையார் 1917இல் மார்பகப் புற்றுநோயால் கொழும்பில் காலமானார். தாபகருக்குப் பின்னரும் கல்லூரியைத் தாங்கியவர் அவரது துணைவியார் லீலாவதி அம்மையார்.

ஒன்றை இம்மலரில் மறைக்க நாம் விரும்பவில்லை. டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்று வன்மையாக எதிர்த்தவரும் இவரே. படிப்பைத் தந்த கை வாக்கை ஏன் மறுத்தது என்பது எமக்கு விளங்கவில்லை. அவர்மீதுள்ள நன்றியும் குறையவில்லை.

1930இல் அவர் மறைந்தார். அடுத்த வருடமே இலங்கைப் பெண்கள் வாக்களித்தனர். யாழ்ப்பாணம் அத்தேர்தலைப் பகிஷ்கரித்ததால், எமது மூத்த அக்காமார் 1934 வரை காத்திருந்தார்கள்.