கண்ணுக்குத் தெரியாத எதிரி

இரவில் காய்ச்சல். சில நாளில் குழந்தையின் கால் அசையாது. இதுதான் இளம்பிள்ளை வாதம். முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம் அழற்சி கண்டு கெடுவதால் கை கால் விழுந்து விடுகிறது. காரணம் என்ன? வைத்தியர்கள் நெடுங்காலம் திகைத்தார்கள்.

விடை கண்டவர் டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டைனர்.

ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரை அடுத்து 1868-ல் பிறந்தவர் அவர். தந்தை பத்திரிகையாளர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் வளர்த்து ஆளாக்கினார். 1901-ல், மனித ரத்தத்தில் பல பிரிவுகள் உண்டு என்று கண்டுபிடித்தார்.

1908-ல் வாத நோயால் ஒரு சிறுவன் இறந்தான். அவனுடைய தண்டுவடத்தை லாண்ட்ஸ்டைனரும் டாக்டர் பாப்பரும் ஆராய்ந்தார்கள். பாக்டீரியா எதுவும் அகப்படவில்லை. அதை அரைத்து, முயல் முதலிய பிராணிகளுக்கு ஊசி போட்டார்கள். பலன் இல்லை. இரண்டு குரங்குகளுக்குப் போட்டார்கள். ஒன்று இறந்தது, மற்றதற்குக் கால்கள் விழுந்தன!

அடுத்த ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டாக்டர் லெவடிட்டியுடன் சோதித்தார். பாக்டீரியாவைத் தடுக்கும் நுண்ணிய வடிகட்டியையும் இந்த நோய்க்கிருமி தாண்டியது. அதுதான் வைரஸ். அதைக் காட்டும் கருவி அன்று இல்லை. அறிவால் கண்டார்.

ரத்தப் பிரிவு ஆராய்ச்சிக்காக 1930-ல் நோபல் பரிசு பெற்றார். 1943-ல் நியூயார்க் நகரில், ஆராய்ச்சிச் சாலையில் இருந்தபோதே மாரடைப்பு கண்டு, இரண்டு நாளில் காலமானார்.

1955-ல் அமெரிக்காவில் டாக்டர் சால்க்கின் தடுப்பூசி வந்தது. எதிரி இன்னதென்று தெரிந்ததால் கேடயம் செய்ய முடிந்தது. வியன்னாச் சிறுவனைக் காப்பாற்ற முடியவில்லை. அவனுக்குப் பின் கோடிக் கணக்கான குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள்.