வானியல் மேதை சந்திரசேகர்

தாயகத்தின் எல்லைக்கு வெளியே பிறந்தும் தமிழினத்திற்குப் பெருமை தேடித் தந்தவர் வானியல் மேதை சுப்பிரமணியன் சந்திரசேகர். பாறசாலை, நெய்யாற்றங்கரை வட்டாரத்தில், எல்லைக்கு இப்பால் வாழும் நம் காலனிக் குழந்தைகள் அவர் வரலாற்றை அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் அவர் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர். அப்பணியே குடும்பத்தை அத்துணைத் தொலைவு கொண்டு சென்றது. அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகமொன்றைத் தமிழாக்கிய அறிவுடையார். சர் சி. வி. ராமன் சிற்றப்பா ஆவார். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகம் பயின்ற சந்திரசேகர், நோயுற்றிருந்த அன்னையைப் பிரிந்து 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மறு ஆண்டே அன்னையார் மறைந்தார்.

அக்கப்பற் பயணத்திலேயே, 19 வயது இளைஞர் ஒரு பெருங்கணக்கைப் போட்டார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் யாவும் வெள்ளைக் குள்ளர்களாய்ச் சுருங்கி அடங்கும் என்பது அந்நாளைய கொள்கை. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கினும் மிக்க நிறையுள்ளவை அவ்வாறு அடங்கமாட்டா என்று அவர் கண்டார். 1935 ஜனவரி 11-ஆம் நாள் லண்டன் வானியற் சங்கத்தில் இதனை எடுத்துரைத்தார். அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். உண்மை உணர்ந்த அறிஞர் சிலரும் வெளிப்படையாய்த் துணைநிற்க முன்வரவில்லை.

இளைஞர் மனமுடைந்து ஓய்ந்துவிடவில்லை. 1937-இல் அமெரிக்காவின் சிகாகோ சர்வகலாசாலையை அடைந்தார். ஒரு துறையைக் கற்றுத் தேர்ந்து நூலாக்கி, அடுத்த துறைக்குச் செல்வதே வாழ்நாள் வழக்கமாயிற்று. 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றிய அவரது பெருநூலும் அவ்வாண்டே வெளிவந்தது. எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவில் அப்பெரியாரைப் போற்றியே பேசினார்.

அண்டங்களின் நடுவே ஞாயிற்றினும் பல கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளைகள் உண்டு. அவற்றை நெருங்கும் வாயு நேரே விழுவதில்லை. தட்டுப்போல் சூழ்ந்து சுழல்கின்றது. சுழற்சி தணிந்தாலன்றி உள்ளே இறங்காது. அதனைத் தணிப்பது எது? சுழலும் பாய்பொருளைக் காந்தப் புலம் நிலைகுலையச் செய்யும் என்று 1960-இல் சந்திரசேகர் எழுதியிருந்தார். அதுவே விடையென 1991-இல் பால்பஸ், ஹாலி என்னும் இருவர் காட்டினர். விழும் பொருள் காய்ந்து ஒளிரும். அவ்வொளி மிகுந்தால் வரும் வாயுவையே வெளியே தள்ளும். இவ்வுணவு அளவிற்கு எடிங்டன் எல்லை என்று பெயர்.

சந்திரசேகர் 1995 ஆகஸ்ட் 21-இல் மறைந்தார். 1999-இல் விண்ணில் ஏவப்பெற்ற எக்ஸ்-கதிர் ஆய்வுக்கூடம் சந்திரா என அவர் பெயர் தாங்குகின்றது. அது கண்ட ஒரு கருந்துளை, எடிங்டன் எல்லையைப்போல் சுமார் 40 மடங்கு வேகமாய்ப் பொருளை விழுங்குவதாக 2024-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அன்று ஒரே அவையில் மாறுபட்ட இருவர் பெயரும் இன்று ஒரே ஆய்வில் இணைந்து நிற்கின்றன.

பெரியோர் மறுத்தாலும் கணக்கை விடாமையும், மறுத்த பெரியோரை இகழாமையும் நம் சிறார்க்கு வாய்ப்பதாக!