சாலைக்கு வாதாடிய ஜயகர்

சட்டமேதை ஒருவர் சாலைக்கும் வழிகாட்ட முடியுமா? முடியும் என்று காட்டிச் சென்றவர் முகுந்த ராமராவ் ஜயகர்.

1873-இல் பிறந்த ஜயகர், பாரிஸ்டராகிப் பெரும்புகழ் எய்தினார். 1930-இல் எரவாடாச் சிறையிலிருந்த காந்தியடிகளுக்கும் வைசிராய் இர்வினுக்கும் இடையே, தேஜ் பகதூர் சாப்ருவுடன் சமரசத் தூது சென்றவர் இவரே. பின்னர் பெடரல் கோர்ட்டு நீதிபதியாகவும், புனாப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் விளங்கினார். ஆயினும் பொறியியல் மாணவர்கள் இன்றும் அவர் பெயரைப் படிப்பது வேறொரு தொண்டுக்காக.

முதல் உலகப் போருக்குப் பின் மோட்டார்கள் பெருகின. மாட்டு வண்டிகளுக்கெனப் போட்ட கப்பிச் சாலைகள் அவற்றின் வேகத்தைத் தாங்கவில்லை. கற்களைப் பிணைத்திருந்த பொடியை ரப்பர்ச் சக்கரங்கள் கிளப்பிவிட்டன, கற்கள் பெயர்ந்தன. செப்பனிடப் போதிய பணம் ஜில்லா போர்டுகளிடம் இல்லை.

இதனை ஆராய 1927-இல் அமைந்த குழுவுக்கு ஜயகர் தலைவரானார். மறு ஆண்டு வந்த அறிக்கை மூன்று கருத்துக்களை வற்புறுத்தியது. சாலை நாட்டின் பொறுப்பு. அதைத் தேய்க்கும் மோட்டாரே பெட்ரோல் வரி மூலம் அதற்குப் பணம் தர வேண்டும். சாலை பற்றிய அறிவைத் திரட்ட அமைப்புகள் வேண்டும். விளைவு என்ன? 1929-இல் காலனுக்கு 2 அணா கூடுதல் வரியுடன் மத்திய சாலை நிதி பிறந்தது. 1934-இல் புது டில்லியில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் கூடியது. 1952-இல் நம் டில்லி மதுரா சாலையில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது.

1959-இல் ஜயகர் மறைந்தபோது, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோதனைச் சாலைகளில் லாரிகள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. தார்ச்சாலை எத்தனை காலம் உழைக்கும் என்று முன்கூட்டியே கணிப்பதற்கான சோதனை அது. அதில் தெளிந்த உண்மை வியப்பானது. ஓர் அச்சின் மேலுள்ள பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகிறது! ஆகவே, மழையும் வெயிலும் ஒருபுறமிருக்க, சாலையின் ஆயுளை ஆண்டுகளால் மட்டும் அளக்க இயலாது. அதன் மேல் சென்ற அச்சுகளின் பாரத்தால் அளக்க வேண்டும். இந்தியப் பொறியாளரும் இவ்வாறே கணக்கிடுகின்றனர்.

எரிபொருள் வரியோ குடித்த எண்ணெயைத்தான் எண்ணும். இரு மடங்கு பாரம் ஏற்றிய லாரி 16 மடங்கு எண்ணெய் குடிப்பதில்லை. மிச்சச் சேதத்துக்கு விலை கொடுப்பவர் யார்? அச்சாலையில் நடந்தும் சைக்கிளிலும் செல்லும் ஏழையும் அல்லவா! தேய்ப்பவரே தர வேண்டும் என்று ஜயகர் தொடுத்த வழக்கு இன்னும் முழுமையாகத் தீரவில்லை. அதை எடுத்து நடத்த வேண்டியவர்கள் இன்றைய மாணவர்களே.