மக்களுக்காக இடையில் நின்ற குரு
புனித யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு



யூபிலி கொண்டாடும் இவ்வேளையில் நம் கண்கள் ஆலயத்தின் மீதும், மணியின் மீதும், கொடிமரத்தின் மீதும் செல்வது இயல்பே. ஆனால் பலிபீடத்தில் திருப்பலி நிறைவேற்றக் குருவானவர் ஒருவரும் இல்லாமல், பிறந்த குழந்தைக்கும் இறக்கும் முதியவருக்கும் அருளடையாளம் கிடைக்காமல், ஒரு தலைமுறைக் காலம் கடந்து போயிருந்தால் நம் நிலை என்னவாகியிருக்கும்? நம் கடலுக்கு அக்கரையில், நம் மொழி பேசும் மக்களுக்கு அந்த நிலை உண்மையாகவே வந்தது. அவர்களைத் தேடிச் சென்ற ஒரு குருவின் வரலாறே இது.

1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டனர். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருவுக்கு அடைக்கலம் கொடுப்பதும் பெருங்குற்றமாயிற்று. மக்கள் வீட்டுக்குள் செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்துக்கொண்டனர். ஆனால் திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை.

கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்னும் இளங்குருவின் காதுக்கு இச்செய்தி எட்டியது. அவர் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தவர். 1676-ல் குருப்பட்டம் பெற்றவர். கன்னடக் கரையில் சில ஆண்டுகள் மறைப்பணி ஆற்றியபின், புனித பிலிப்பு நேரியாரின் வழி நின்ற கோவாக் குருக்கள் குழுவில் 1685-ல் சேர்ந்தார். குருவற்ற மந்தையின் நினைவு அவரை உறங்கவிடவில்லை. மறு ஆண்டிலேயே யோவான் என்ற பணியாளரைத் துணையாகக் கொண்டு தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

தூத்துக்குடி வழியாக, கூலியாள் கோலத்தில், 1687-ல் அவர் இலங்கையில் கரை இறங்கினார். கடற்பயணத்தின் கொடுமையால் கடும் வயிற்றுப்போக்குக்கு ஆளாகிச் சாகுந்தறுவாயில் கிடந்தவருக்குக் கஞ்சி வார்த்துக் காத்தவர் ஓர் ஏழைப் பெண்மணி. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். வயிற்றுக்காக அன்று, செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறது என்று பார்ப்பதற்காக! அப்படித்தான் மறைந்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை என்னும் சிற்றூர் அவருக்கு அடைக்கலமாயிற்று. இரவு நேரங்களில் பாவசங்கீர்த்தனம் கேட்டார். விடியுமுன் திருப்பலி நிறைவேற்றினார். பிறகு அடுத்த ஊருக்கு மறைந்து சென்றார்.

1689-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் திருப்பலிக்குக் கூடியிருந்த மக்களைப் படைவீரர் வளைத்துப் பிடித்தனர். அடிகளார் அகப்படவில்லை. மக்களோ சிறை சென்றனர். சிலர் கொடுமை தாளாமல் உயிரையே கொடுத்தனர். ஒரு பூசைக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஏன் இவ்வளவு பெரிய விலை? இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். சீனாய் மலையடியில் மோயீசன் மிருகங்களின் இரத்தத்தை மக்கள்மேல் தெளித்துப் பழைய உடன்படிக்கையை உறுதி செய்தார். ஆண்டுக்கு ஒருமுறை தலைமைக் குரு பிற உயிரின் இரத்தத்தோடு திருத்தூயகத்துள் நுழைந்தார். இயேசுவோ தம் சொந்த இரத்தத்தையே ஒப்புக்கொடுத்து, ஒரே முறையாக, என்றென்றைக்குமாகப் புதிய உடன்படிக்கையை நிலைநாட்டினார் என்று எபிரேயர் திருமுகம் நமக்குக் கற்பிக்கிறது. இன்றும் அவர் தந்தையின் முன் நமக்காகப் பரிந்து பேசிக்கொண்டே இருக்கிறார். அந்த ஒரே பலிதான் ஒவ்வொரு திருப்பலியிலும் நம் பீடத்துக்கு வருகிறது. ஆகவே பீடத்தில் நிற்கும் குரு வேறொரு மத்தியஸ்தர் அல்லர். ஒரே மத்தியஸ்தரான கிறிஸ்துவின் கைகளாகவும் குரலாகவும் இருப்பவர் அவர். சில்லாலை மக்கள் இதை நூல்களில் படித்தறியவில்லை, பசித்து அறிந்திருந்தனர்.

யாழ்ப்பாணத்தை விட்டு அடிகளார் புத்தளத்துக்கும், 1692-ல் கண்டி நாட்டுக்கும் சென்றார். அங்கே போர்த்துக்கீசிய ஒற்றர் என்று ஐயுற்று அவரை விலங்கிட்டுச் சிறைவைத்தனர். சிறையிலிருந்தபடியே சிங்கள மொழியைக் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் ஓலைக் குடிசை ஒன்றை எழுப்பி, அதையே ஆலயமாக்கித் திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். அவருடைய எளிமையைக் கண்ட அரசர் இரண்டாம் விமலதர்மசூரியரின் ஐயம் மெல்ல நீங்கியது.

1696-ல் கண்டியில் மழை பொய்த்தது. வெள்ளாற்று அணைக்கட்டில் தண்ணீர் வருமா என்று நாற்றங்கால் காயக் காய வானத்தைப் பார்த்து நின்ற நம் உழவர்களுக்கு அந்த வேதனையைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரசர் அடிகளாரை வேண்டினார். அவர் பொது இடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, அதன் முன் முழந்தாளிட்டார். மழை கொட்டியது என்றும், செபித்தவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அந்த மழையில் நனைந்தவர்களில் பெரும்பாலோர் அவர் மதத்தினர் அல்லர். கிறிஸ்துவின் பரிந்துபேசுதல் வேலி போட்டு நிற்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

அடுத்த ஆண்டு பெரியம்மை வந்தது. அரசரும் செல்வந்தரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளிகளைச் சொந்த உறவினரே காட்டில் விட்டுச் சென்றனர். அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேப் கார்வாலியோ என்னும் குருவும் அவர்களைத் தேடிச் சென்றனர். குடிசை போட்டுக் கொடுத்தனர், கஞ்சி ஊட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். ஒரு காலத்தில் கஞ்சி வாங்கிக் குடித்த கைகள் இப்போது கஞ்சி வார்த்தன. பீடத்தில் மக்களுக்காக மன்றாடிய குரு, பீடத்தை விட்டு இறங்கிய பின்னும் அவர்களுக்கும் மரணத்துக்கும் இடையில் நின்றார்.

ஆயர் பதவி தேடி வந்தபோது அதை ஏற்க மறுத்தார். 1711-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள் கண்டியில் தம் 59-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் காட்ட இயலவில்லை. ஆனால் கொழும்பு நகரில் 1995-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015-ல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் அறிவித்தனர். கல்லறை மறைந்தாலும் அவர் ஊட்டி வளர்த்த திருச்சபை மறையவில்லை.

பங்கு மக்களே, திருப்பலிக்கு மணி அடித்த பிறகும் தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது, ஒரு பூசைக்காகச் சிறை சென்றவர்களை நினைப்போம். நம் பீடத்தில் நின்ற குருக்களை நன்றியோடு நினைக்கும் நாம், நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனை அந்தப் பீடத்துக்குக் கொடுக்க மனம் கொண்டோமா என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். திருமுழுக்குப் பெற்ற நாம் யாவரும் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்குடையோர். ஆகையால் அண்டை வீட்டாரின் நோய்க்காகவும், ஊரின் மழைக்காகவும், நம்மோடு பகை கொண்டவருக்காகவும் இறைவன்முன் மன்றாடி நிற்பது நம் கடமை.

புனித யோசேப் வாஸ் அடிகளாரே, எங்கள் பங்குக்காகப் பரிந்து பேசும்.